இருமுறை எண்ணிய கைகள்

ஒரு வலது கையின் விலை ஒரு தோட்டா. பேரம் கிடையாது, தவணை கிடையாது, பெரிய கை சின்னக் கை என்கிற தரம் பிரிப்பும் கிடையாது. விலை வைத்தவன் பெல்ஜியக்காரன். இங்கிலீஷ்காரன் இந்தத் தேசத்தைப் பிடித்திருந்தால் என்ன விலை வைத்திருப்பானோ, யாருக்கும் தெரியாது; துறைமுகத்துக்கு வெளியே அவனுடைய கப்பல்கள் எரிந்து மூழ்கிய வருஷமே அவன் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அவனை நம்பி இங்கிலீஷ் கற்றுவைத்திருந்த குமாஸ்தாக்கள் சட்டையை மாற்றுவதுபோல பிரெஞ்சுக்கு மாறினார்கள். கல்லாவில் எவன் உட்கார்ந்தால் என்ன, வியாபாரம் நடந்தால் சரி என்று அப்போது சொன்னவர்களில் தராசும் ஒருவன்.

தராசு என்பது பட்டப்பெயர். ரப்பர்க் கொட்டகையில் எடை போடுகிறவன் என்பதால் ஒட்டிக்கொண்டது. அப்பா சந்தை வியாபாரி. தாலாட்டைவிடப் பேரத்தை அதிகம் கேட்டு வளர்ந்த பிள்ளை. காட்டுக் கொடிகளை வெட்டிப் பாலெடுத்து உருட்டி ஜனங்கள் கொண்டுவருகிற ரப்பரை நிறுப்பது அவனுக்குக் காலை வேலை. எடை குறைந்த ஊர்களுக்குச் சிப்பாய்கள் போவார்கள். போனவர்கள் கொண்டுவருகிற கூடைகளை எண்ணுவது மாலை வேலை. செலவான ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வலது கை காட்ட வேண்டும். சிப்பாய்கள் சர்க்கார் தோட்டாவை மான்மீதும் கொக்குமீதும் வீணடிக்காமல் இருக்க அப்படியோர் ஏற்பாடு. ஓயாத மழையில் சதை தங்காது என்பதால், துரை வந்து பார்க்கிற வரைக்கும் கைகளைக் குடிசையில் தொங்கவிட்டுப் புகை போடுவார்கள். துரை பார்த்துத் தலையாட்டிவிட்டால் பிறகு அவை வெறும் குப்பை. கொட்டகைக்குப் பின்னால் சுண்ணாம்புக் குழி இருந்தது.

துரை வந்து பார்த்துப்போன மறுநாள் பிற்பகல், குப்பைக் கூடையைக் குழியோரம் சாய்த்தபோது ஒரு கை சூடாக இருந்தது.

தராசு தன் கையை இழுத்துக்கொண்டான். மழை தூறிக்கொண்டிருந்தது. கூடைக்குள் கருத்து விறைத்துச் சுள்ளிக்கட்டைப் போலக் கிடந்தவற்றின் நடுவே, அந்த ஒன்று மட்டும், இப்போதுதான் யாரோ பிடித்திருந்து விட்டுப்போனதுபோல.

"அடுப்பை எப்போ அணைச்சே?" என்று குடிசைப் பக்கம் குரல் கொடுத்தான்.

புகை போடுகிற பெண், புகைக்காரி, வாசலில் உட்கார்ந்து வெற்றுச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நேத்தே அணைச்சாச்சுண்ணே. உள்ளே போய்ப் பாருங்க, அடுப்புல பூனை தூங்குது. ஏன்?"

"ஒண்ணுமில்லே."

"ஒண்ணுமில்லாததுக்கா கடன்காரனைப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?"

அவன் குனிந்து பார்த்தான். சூடாக இருந்தது ஒன்றல்ல, நான்கு. நான்கையும் அவனுக்குத் தெரியும். ஆள்காட்டி விரலில் நகமில்லாத வாலிபன் கை. சுண்டுவிரல் உள்நோக்கி வளைந்த கிழவன் கை. வளையல் அழுத்திய தடம் மணிக்கட்டில் மிச்சமிருந்த பெண் கை. நாலாவது சின்னது, மூடினால் அவனுடைய உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நேற்றைக்கு நான்கும் மற்றவற்றைப் போலத்தான் கரியாக இருந்தன. இப்போது தோல் பழுப்பாக, ஈரமாக, தொட்டால் குழிந்து எழும்பியது.

அவனுக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம், நேற்று அந்த நான்கை மட்டும் அவன் இரண்டு முறை எண்ணியிருந்ததுதான்.

மனைவியின் தம்பி சிப்பாய். துரை வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் கொட்டகைக்குள் வந்து, நிறுத்துவைத்த ரப்பர் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்துகொள்வதுபோலக் குந்தினான்.

"மாமா, நாலு குறையுது."

"நாலு தோட்டா எங்கேடா போச்சு?"

"காட்டுப்பன்னி மாமா."

"எத்தனை விழுந்துச்சு?"

"ஒண்ணுகூட விழலே."

"குறியும் இல்லே, கறியும் இல்லே. உன்னையெல்லாம் எவன்டா சிப்பாயாச் சேர்த்தான்?"

"நீங்கதான் மாமா சிபாரிசு பண்ணீங்க."

வேறு சமயமாக இருந்தால் தராசு சிரித்திருப்பான். ஆனால் போன தடவை கணக்குக் குறைந்த ஒரு சிப்பாய்க்கு நடந்ததை இருவரும் கிட்டே நின்று பார்த்திருந்தார்கள். முற்றத்தில் ரப்பர் அறுக்கிற மரக்கட்டைமேல் அவன் மணிக்கட்டை வைத்துக் கட்டினார்கள். ஓங்கும்வரை அவன் பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தான், துரை கடைசியில் விளையாட்டு என்று சொல்லிவிடுவார் என்பதுபோல. முதல் வெட்டு எலும்பில் நின்றது. கத்தியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி இரண்டாவது போட வேண்டியிருந்தது. துரை கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்போது சரியாகிவிட்டது" என்றார்.

"ராத்திரிக்குள்ளே பக்கத்து ஊருக்குப் போய் நாலு பேரைப் பிடிச்சுட்டு வந்துடறேன். உயிரை எடுக்க வேண்டாம், கை மட்டும்" என்றான் மச்சினன்.

வீட்டில் மனைவி நிறைமாதம். "எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. அவன் கையோட இருக்கணும். உங்க சாமர்த்தியத்தையெல்லாம் சந்தையிலேயே காட்டிட்டிருந்தா எப்படி?" என்று இரவெல்லாம் அழுதாள்.

தராசுக்கு அப்பாவின் வித்தை ஒன்று நினைவுக்கு வந்தது. ஆட்டு மந்தையை விற்கும்போது, முன்படலில் எண்ணிவிட்ட ஆடுகளில் நாலைந்தைப் பின்படல் வழியாக ஓட்டிவந்து மறுபடி எண்ணிக் கொடுப்பார். வாங்கினவன் வீட்டுக்குப் போன பிறகுதான் தலையில் கைவைப்பான். ஒவ்வொரு சிப்பாயும் தன் கைகளைக் கயிற்றில் கோத்துவைத்திருக்கிற சரத்தைத் துரை தனித்தனியாகப் பார்த்துவிட்டுக் கூடையில் போடச் சொல்வார். நடுவில் எழுந்து போய்க் குடிப்பார். அந்த இடைவெளியில் கூடையிலிருந்து நான்கு கைகளை எடுத்து மச்சினனின் சரத்தில் கோத்துவிட்டான் தராசு. நாலாவதாகச் சின்னதை எடுத்தது, சுலபமாகச் சட்டைக்குள் மறையும் என்பதற்காக. துரை எண்ணினார், தலையாட்டினார். யாருக்கும் நஷ்டமில்லாத வியாபாரம் இது ஒன்றுதான் என்று தராசு அன்றைக்குத் தன்னை மெச்சிக்கொண்டான். செத்தவன் செத்தவன்தான். இருக்கிறவன் கையோடு இருப்பான்.

இப்போது அந்த நான்கையும் சாக்கால் பிடித்துத் தூக்கிக் குழிக்குள் எறிந்தான். மழைத்தண்ணீர் பட்ட சுண்ணாம்பு கொதித்துச் சீறியது. கூடையைக் கவிழ்த்து மற்றவற்றையும் கொட்டி, மேலே இன்னும் நாலு மண்வெட்டி சுண்ணாம்பு போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தினான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே போனான். சூடு போகவில்லை.

வானம் இருண்டுகிடந்ததால் மனைவி சீக்கிரமே விளக்கேற்றியிருந்தாள். ஓடுகளிலிருந்து ஒழுகிய தண்ணீர் தாழ்வாரத்துப் பாத்திரங்களில் சொட்டிக்கொண்டிருந்தது; ஈரத்துணி வாடை, விளக்கு எண்ணெய் வாடை, அவற்றுக்கு அடியில், யாரும் சொல்லாத, புகையும் சுண்ணாம்பும் கலந்த மெல்லிய காரம். மச்சினன் சம்மணமிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை தப்பின சந்தோஷத்தில் அந்தக் கைக்கு ஓய்வே கொடுக்கவில்லை.

"மெதுவாடா. சோறு எங்கேயும் ஓடிடாது" என்றாள் அக்கா.

"ஓடினா சுட்டுடுவேன்."

"நீ சுட்டா அது சாகுமா?" என்றான் தராசு. மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீர்ப் பானையின்மேல் விரல் நுனிகள் தட்டுகிற சத்தம். சொட்டுகிற தண்ணீரின் தாளத்தில் அது சேரவில்லை. விலை சொல்லிவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறவன் மேஜையைத் தட்டுவதுபோல, சுண்டுவிரலில் தொடங்கி வரிசையாக, பிறகு சற்று நின்று, மறுபடி.

"எலி" என்றான் மச்சினன். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனான்.

கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு சத்தம். ஈரவிறகில் கத்தி இறங்கி நின்றுவிடுகிற சத்தம். பிடுங்குகிற சத்தம். இரண்டாவது.

அதற்குப் பிறகுதான் அவன் கத்தினான்.

விளக்கோடு ஓடினார்கள். துவைக்கிற கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. வெள்ளையாய் இரண்டு எலும்பு, அவற்றைச் சுற்றிக் கொப்பளித்து வழிகிற இரத்தம், கல்லைக் கழுவிக்கொண்டு சாக்கடைக்குள் போகிற மழை. தராசு வேட்டியைக் கிழித்து முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். வெட்டைப் பார்த்தான். முதல் வெட்டு பாதியில் நின்றிருந்தது. இரண்டாவது முடித்திருந்தது.

"யாருடா? யாரைப் பார்த்தே?"

மச்சினனின் பற்கள் அடித்துக்கொண்டன. "ஆளே இல்லே மாமா. ஆளே இல்லே."

சேற்றில் தடம் இருந்தது. சுவரிலிருந்து கல்வரைக்கும் ஐந்து விரல்கள் ஊர்ந்து வந்திருந்தன. கல்லிலிருந்து சுவர்வரைக்கும் திரும்பிப் போன தடம் வேறு மாதிரி.

வந்தது ஒரு கை. போனது இரண்டு.

தராசு விளக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான். அவன் மிதித்துக் கெட்டிப்படுத்திய சுண்ணாம்பு நான்கு இடத்தில் வெடித்திருந்தது. உள்ளிருந்து வெளியே. குழியோரத்தில் அவன் கவிழ்த்துவிட்டுப்போன கூடை நிமிர்ந்திருந்தது. அடியில் மச்சினனுடைய கை. சோற்றுப்பருக்கை இன்னும் விரலில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நகமில்லாத கை கரியாக, விறைத்து, தன் பாட்டில் கிடந்தது. வேலை முடிந்த கை. மற்ற மூன்றையும் காணோம்.

பயத்துக்கு நடுவிலும் வியாபாரி மூளை கூட்டிக் கழித்தது. நாலு கைகளை எட்டாகக் காட்டினோம். எட்டுப் பேர் வலது கை இல்லாமல் இருந்தாக வேண்டும். அப்படி நாலு பேர்தான் உண்டு. மிச்சம் நாலு பேரைத் தேடிக்கொண்டு அவை வருகின்றன. வாலிபனுக்கு வாலிபன். கூடையைத் தொட அவன் கையை நீட்டினான். மச்சினனுடைய விரல்கள் அசைந்தன. அவன் விளக்கையும் போட்டுவிட்டு ஓடினான்.

கதவை அடைத்தான். ஜன்னல்களை அடைத்தான். சாக்கடை வாயில் ஆட்டுக்கல்லைப் புரட்டிவைத்தான். மச்சினனைச் சுவரோரம் படுக்கவைத்துவிட்டு, மனைவியைச் சமையலறைக்குள் போய் உட்காரச் சொன்னான். அங்கே ஜன்னல் இல்லை. "என்னங்க இது, என்ன நடக்குது?" என்று அவள் கேட்டதற்கு, "கணக்குல ஒரு தப்பு. நான் பேசித் தீர்த்துடறேன்" என்றான். இன்னொரு விளக்கை ஏற்றிவைத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு, வெட்டுக்கத்தியை மடியில் வைத்து, கூடத்தின் நடுவில் உட்கார்ந்தான்.

விளக்குத் திரி கருகிச் சுருங்கிக்கொண்டே வந்தது. கூரையில் மழை தடித்தும் மெலிந்தும் விழுந்தது. மச்சினன் முனகுவதும் தண்ணீர் சொட்டுவதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அப்போது, போர்வைக்கு உள்ளே, தராசின் வலது கையை ஒரு கை பிடித்தது.

சூடான கை. பிடித்த விதம் அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். சந்தையில் மற்றவர்கள் விலையை அறியக் கூடாது என்று துணிக்கடியில் கைகோத்து, விரலைப் பிடித்து எண்ணிக்கை சொல்லிப் பேரம் பேசுகிற பிடி. உள்நோக்கி வளைந்த சுண்டுவிரல் அவன் உள்ளங்கையில் அழுந்தியது. கிழவன் உயிரோடிருந்தபோது என்ன விற்றவனோ.

அது அவனுடைய நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்தது. நாலு.

தராசு பதிலுக்கு ஒரு விரலைத் தொட்டான். ஒன்று வந்தாயிற்றே.

நாலு.

இரண்டு விரல். இரண்டோடு முடித்துக்கொள்வோம். அவள் வேண்டாம். அவளை விட்டுவிடு. அதையெல்லாம் சொல்ல விரலில் வழியில்லை. வழிந்த வேர்வை கண்ணில் இறங்கியது.

நாலு.

மூன்று விரலைத் தொட்டான். எதற்கு மூன்று என்று அவனுக்கே தெரியவில்லை.

பிடி இறுகியது. பேரம் முறிந்த பிடி. மடியைத் துழாவினான். கத்தி இல்லை. போர்வைக்கு வெளியே, விளக்கின் ஓரத்தில், கத்தி நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்தது மச்சினனுடைய கை. சோற்றுப்பருக்கை காய்ந்திருந்தது.

முதல் வெட்டு.

எலும்பு. வெள்ளை வலி. கத்தி ஆடியது. ஆடியது. பிடுங்கியது.

இரண்டாவது.

தன் கை தரையில் நடந்து போவதை அவன் பார்த்தான். திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

கண் திறந்தபோது கதவிடுக்கில் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. அவனுடைய முழங்கைக்குக் கீழே யாரோ துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மச்சினன் இடது கையாலும் பல்லாலும் போட்ட முடிச்சு. சமையலறை வாசலில் மனைவி நின்றாள். சேலை முன்புறம் முழுக்க நனைந்து கருஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. அவள் அழவில்லை. எதையோ வைத்த இடம் மறந்தவள்போலச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"என்னங்க, என் கையைப் பார்த்தீங்களா?"

அவள் விழுவதற்குள் தம்பி ஓடிப்போய்த் தாங்கினான். ஒரு கையால் தாங்கினான். கட்டிலில் படுக்கவைத்தார்கள். இரண்டு இடது கைகளாகச் சேர்ந்து ஒரு முடிச்சுப் போட்டார்கள்.

"முடிஞ்சுதா மாமா? வீட்டில இருக்கிறதே மூணு பேர்தான். முடிஞ்சுது இல்லே?"

தராசு அவளுடைய வயிற்றைப் பார்த்தான். நிறைமாதம். சேலைக்கு அடியில் வயிறு ஒரு பக்கம் புடைத்து, அசைந்து, அடங்கியது.

நான்காவது, சின்னது.

"கத்தியை எடு மாப்ளே" என்றான்.

"எதுக்கு?"

"இன்னொரு கை குடுக்கணும். என்கிட்டே ஒண்ணு மிச்சம் இருக்கு."

"மாமா, வேண்டாம்."

"நான் வெட்டிக்க முடியாதுடா. நீதான் செய்யணும். உனக்காகத்தானே நான் செஞ்சேன்."

மச்சினன் அழுதுகொண்டே எடுத்தான். இடது கைக்குப் பழக்கமில்லை. முதல் வெட்டு புறங்கையில் விழுந்தது. இரண்டாவது விரல்களில். தராசு துணியைக் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தில் தலையை முட்டினான். எத்தனையாவதிலோ அது தனியாக வந்தது. கந்தலாக இருந்தது. மச்சினன் அதை எடுத்து அக்காவின் காலடியில் வைத்தான்.

கட்டிலுக்கு அடியிலிருந்து அது வந்தது. விளையாட்டுக்குப் போய்வந்த குழந்தைக் கை மாதிரி, சேறும் சுண்ணாம்புமாக. கட்டில் காலைப் பற்றி ஏறியது. வெட்டுண்ட இடது கைமேல் உட்கார்ந்து, கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்தது. தராசு மூச்சை நிறுத்தினான். இடது கை செல்லாது. ஒரே ஆளிடம் இரண்டு வாங்கிக்கொண்டு வந்து சிப்பாய்கள் ஏமாற்றக் கூடாது என்று துரை போட்ட சட்டம். அப்படித் தடவிப் பார்த்து ஒதுக்கித் தள்ளுவதற்குத்தான் அவன் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினான்.

அது இடது கையைக் கீழே தள்ளியது.

பிறகு அவளுடைய காலைத் தாண்டி, சேலை மடிப்புகளைப் பிடித்து, மெதுவாக மேலே ஏறியது. வயிற்றின் உச்சியில் நின்றது. உள்ளே குழந்தை உதைத்தது. சின்னக் கை அந்த இடத்தைத் தட்டிக்கொடுத்தது. மறுபடி உதைத்தது. மறுபடி தட்டிக்கொடுத்தது. அவசரமில்லாமல் விரல்களை விரித்து வாகாக அமர்ந்துகொண்டது. மச்சினன் பிடித்து இழுத்தான். தோலோடு சேர்ந்து வந்தது, அவள் அலறினாள், விட்டுவிட்டான். அவளுடைய இடுப்பில் முதல் வலி எடுத்தது.

அதிகப்படியாக எண்ணியது நாலு. வந்து சேர்ந்தது மூன்று. பாக்கி ஒன்று.